மறைமுக உழைப்பு: பொருளும் சொல்லும்

உற்பத்திக்கு வேண்டிய வேலைதான், ஆனால் 'இந்தப் பொருளுக்கு இவ்வளவு' என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வேலைக்கு, ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகிறது என்று கணக்கிடும் அடக்கவிலைக் கணக்கியலில், மறைமுக உழைப்பு என்று பெயர். அதற்கு ஆகும் சம்பளமும் படிகளும் மறைமுக உழைப்புச் செலவு.

மரச்சாமான் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தச்சர் ஒரு மேசைக்கு 6 மணி நேரம் உழைக்கிறார். வேலை அட்டையில் அந்த 6 மணி நேரமும் அந்த மேசையின் பேரில் ஏறுகிறது. இது நேரடி உழைப்பு. ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவர், கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், மேற்பார்வையாளர், மரத்தூளைக் கூட்டி அள்ளுபவர் ஆகியோரின் வேலையோ அங்கே செய்யும் எல்லாச் சாமானுக்கும் பொது. கூர் மழுங்கிய ரம்பத்தை வைத்துக்கொண்டு தச்சர் என்ன செய்ய முடியும்? ஆகவே மறைமுகம் என்றால் இரண்டாந்தரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆளைப் பார்த்தும் முடிவு கட்டிவிட முடியாது. அதே தச்சர் அடுத்த பலகை வரும்வரை கொஞ்ச நேரம் சும்மா இருக்க நேர்ந்தால், வழக்கமாக ஏற்படும் அந்த இடைவெளிக்கான கூலி மறைமுகச் செலவில் சேரும். வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணக் காரணத்தால் வீணான நேரம் என்றால் அடக்கவிலையில் சேர்க்காமல் நட்டமாக எழுதிவிடுவார்கள். ஓவர்டைமுக்குத் தரும் கூடுதல் தொகையும் பொதுவாக மறைமுகம்தான். வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் வந்த ஓவர்டைம் என்றால் மட்டும் அந்த ஆர்டரின் மீதே ஏற்றலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'இன்டைரக்ட் லேபர்' இரண்டுமே லத்தீன் வேர்கள். 'டைரக்ட்' என்பதன் மூலச்சொல்லுக்கு நேராக்கப்பட்டது என்று பொருள். முன்னால் நிற்கும் 'இன்' அதை மறுக்கிறது. 'லேபர்' என்றால் பாடு, உழைப்பு. தமிழில் மறைமுக வரியைப் போலவே மறைமுகக் கூலி என்ற வழக்கு பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. மறை என்ற சொல் ஏதோ ஒளித்துவைத்த செலவு போன்ற நினைப்பைத் தருவது உண்மை. இலங்கைத் தமிழில் 'நேரில் கூலி' என்பார்கள். நேர் அல்லாத கூலி என்ற அந்தப் பொருள் துல்லியமானது, ஆனால் பழக்கமில்லாதவர் நேரில் கொடுத்த கூலி என்று வாசித்துவிடுவார். அதனால் மறைமுக என்பதே இருக்கட்டும்.

கூலி என்பதைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறளிலேயே (619) வரும் பழஞ்சொல் அது, உழைப்புக்குக் கிடைக்கும் பயன் என்ற விரிந்த பொருளில். இன்றைய பேச்சில் அது நாள் கணக்கிலோ உருப்படிக் கணக்கிலோ கொடுப்பதையே குறிக்கிறது. மறைமுக உழைப்பிலோ மேற்பார்வையாளர் போன்றோருக்கு மாதச் சம்பளம். எனவே வேலையைச் சொல்ல 'மறைமுக உழைப்பு', பணத்தைச் சொல்ல 'மறைமுக உழைப்புச் செலவு' என்று பிரித்து எழுதுவதே பொருத்தம்.

இந்தச் செலவு உற்பத்தி மேற்செலவில், அதாவது எந்த ஒரு பொருளின் பேரிலும் நேராக ஏற்ற முடியாத உற்பத்திச் செலவுகளின் தொகுப்பில், போய்ச் சேரும். அப்புறம் ஒரு விகிதம் வைத்துப் பொருள்கள்மேல் பகிர்வார்கள். மாதம் 60,000 ரூபாய் மறைமுக உழைப்புச் செலவு, 1,000 மணி நேரம் நேரடி உழைப்பு என்றால் மணிக்கு 60 ரூபாய். 6 மணி நேரம் பிடித்த நம் மேசையின் பங்கு 360 ரூபாய். அலுவலக எழுத்தர், விற்பனையாளர் ஆகியோரின் சம்பளத்தை இதில் கலக்கக் கூடாது. அவை நிர்வாக, விற்பனைச் செலவுகள். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2-இன்படி விற்பனைச் செலவும், உற்பத்தியோடு தொடர்பில்லாத நிர்வாகச் செலவும் சரக்கிருப்பின் மதிப்பில் ஏறாது, அந்தந்தக் காலத்துச் செலவாகவே கழியும்.