தகவலறிந்து விரைந்து வந்த ஒப்புதல்

சென்ற மாதம் சித்தியை ஒரு தனியார் மனநல ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். சித்தப்பா போனதிலிருந்து சித்திக்கு ராத்தூக்கம் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் நான்கு பக்கத் தாளை நீட்டி, "படிச்சுட்டுக் கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். தலைப்பு கொட்டை எழுத்தில் 'தகவலறிந்த ஒப்புதல் படிவம்'. தொடக்கப் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சித்தி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "ஏம்ப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்னு ஒப்புதல் கேக்கிறாங்க?" என்றார்.

எனக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. அந்தத் தலைப்பின் ஆங்கில மூலமான இன்ஃபார்ம்டு கன்சென்ட், அதாவது விவரம் தெரிந்து தரும் சம்மதம், என்ற தொடரை மருந்து ஆய்வுத் தாள்களில், ஆஸ்பத்திரிப் படிவங்களில், கைபேசிச் செயலிகளில் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். ஆனால் அதன் தமிழ் ஒரு மனுஷியை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்று அன்றுதான் தெரிந்தது.

சொல்லின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். கன்சென்ட் லத்தீன் வழி வந்தது. சேர்ந்து உணர்தல் என்பது வேர்ப்பொருள். சம்மதமும் வடமொழியில் ஏறக்குறைய அதே அச்சுதான். தமிழில் உடன்பாடு இருக்கிறது, குறளில் 'உடம்பாடு' என்று வரும். இசைவு இருக்கிறது, சுதி சேர்வதுபோல ஒத்துப்போவது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில் சொல்வதும் கிட்டத்தட்ட இதையே: இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றால் அது சம்மதம். முன்னால் ஒட்டியிருக்கும் இன்ஃபார்ம்டு பின்னாளில் வந்தது. ரத்தக்குழாய்ச் சோதனைக்குப் போய்க் கால்கள் செயலிழந்த ஒருவரின் வழக்கில் 1957இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்துதான் இந்தத் தொடர் சட்ட உலகில் புழங்கத் தொடங்கியது. நம் ஊர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு ஒரு வரையறையே தருகிறது. வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று எதுவும் இல்லாமல், என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, என்ன நன்மை, வேறு என்ன வழி உண்டு என்பதையெல்லாம் அந்த நபருக்குப் புரிகிற மொழியிலும் முறையிலும் சொன்ன பிறகு அவர் தரும் சம்மதம். புரிகிற மொழியில்! இதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

சரி, 'தகவலறிந்த ஒப்புதல்' யாருக்குப் புரிகிறது?

முதலில் 'தகவலறிந்த'. தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் இந்தச் சொல் ஒரே இடத்தில்தான் அறிமுகம்: தகவலறிந்து விரைந்து வந்த போலீசார். கொஞ்சம் விவரமானவர் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நினைவுக்கு வரும். தகவல் என்பது நமக்கு வந்து சேரும் சேதி. தகவல் வந்தது, தகவல் கிடைத்தது, தகவல் இல்லை. சேதி கிடைத்துவிட்டால் விஷயம் விளங்கிவிட்டது என்றாகுமா? நான்கு பக்கத் தாள் சித்தியின் கைக்கு வந்துவிட்டது. அந்த அளவில் அவர் தகவலறிந்தவர்தான்.

அடுத்தது இலக்கணம். அறிந்தது யார்? 'அறிந்த' பெயரெச்சம், ஒட்டியிருப்பது ஒப்புதல்மேல். ஒப்புதலா உட்கார்ந்து தகவலை அறிந்துகொண்டது? இதை நான் ஒரு நண்பரிடம் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. "படித்த திமிர் என்று சொல்கிறோமே, திமிரா படித்தது? ஓடிய களைப்பு என்றால் களைப்பா ஓடியது?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தமிழ்ப் பெயரெச்சம் தாராளமானது. காரணம், காலம், இடம் எல்லாவற்றையும் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். ஆனால் படித்தவனுக்குத்தான் திமிர், ஓடியவனுக்குத்தான் களைப்பு என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் அந்தத் தொடர்கள் நிற்கின்றன. இங்கே இரண்டு தரப்பு இருக்கிறது. ஒரு தரப்பு விவரம் சொல்ல வேண்டும், மறுதரப்பு அதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். யார் எதைச் செய்தார் என்பதுதான் வழக்கே. அந்த ஒன்றை மட்டும் வசதியாக விழுங்கிவிடுகிற தொடர் எதற்கு?

இதைவிட மோசமானவையும் உலவுகின்றன. 'அறிவிக்கப்பட்ட ஒப்புதல்' என்று ஒரு தாளில் பார்த்தேன். ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்களா? அறிவிக்கப்பட்ட வேட்பாளர், அறிவிக்கப்பட்ட விடுமுறை வரிசையில் இது சேரும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையை அப்படியே பெயர்த்து நட்ட கதை. 'அறிவார்ந்த ஒப்புதல்' இன்னொன்று. இதன்மேல்தான் எனக்கு உண்மையான கோபம். மனம் உடைந்து வந்து உட்கார்ந்திருப்பவரிடம், உங்கள் ஒப்புதல் அறிவார்ந்ததாக இருக்கட்டும் என்று சொல்வது என்ன மரியாதை? மனநோய் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவராகக் கொள்ளக்கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. தமிழ்ப் படிவமோ வாசலிலேயே அறிவுக்குச் சோதனை வைக்கிறது.

இனி, சித்தியைப் பயமுறுத்திய ஒப்புதலுக்கு வருகிறேன். ஒப்பு என்பது பழைய, அழகான வேர்தான். ஒத்துப்போவது, ஒப்புவது, கையொப்பம் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் இன்றைக்கு ஒப்புதல் இரண்டு இடங்களில் குடியேறிவிட்டது. ஒன்று கோட்டை: அமைச்சரவை ஒப்புதல், ஆளுநர் ஒப்புதல். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. இன்னொன்று காவல் நிலையம்: ஒப்புதல் வாக்குமூலம். சித்தியின் காதில் விழுந்தது இரண்டாவது. ஆலோசனைக்கு வந்தவர் கோட்டையும் அல்ல, கைதியும் அல்ல. அப்படியிருக்க அந்தச் சொல் இங்கே எதற்கு?

நான் எழுதுவது 'தெரிந்திசைவு'. தெரிந்து இசைதல். குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். அந்த வார்ப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதில் ஒரு லாபமும் உண்டு. 'தெரிந்து' என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அது தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியர் போட்ட விதி. தெரிந்தவர் யாரோ அவரேதான் இசைய வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே, பெய்தது மழை, நிறைந்தது குளம் என்று யாராவது மடக்க வருவார்கள். அது 'பெய்ய' என்பதன் திரிபு என்று உரைகாரர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள், ஆளை விடுங்கள்.

இது வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு தில்லி வழக்கு. உள்நோக்கிக் கருவி வைத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார் ஒரு பெண். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நின்ற தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். நாற்பது வயது தாண்டிய, சுயநினைவு திரும்பியதும் தானே பதில் சொல்லக்கூடிய பெண்ணுக்காகத் தாய் இசைந்தது செல்லாது என்றது நீதிமன்றம். தெரிந்தவர் ஒருவர், இசைந்தவர் ஒருவர் என்றால் வாக்கியம் மட்டுமல்ல, வழக்கும் நிற்காது.

இசைவு என்ற சொல், மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தரும் இசைவாணையை நினைவூட்டுகிறதே என்பார்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன் (பாருங்கள், இங்கே ஒப்பு சரியாகப் பொருந்துகிறது). இன்னொரு கட்சி, சம்மதம் வடசொல், தொடாதே என்னும். எனக்குத் தனித்தமிழ் பிடிக்கும். தலைப்புக்கும் அகராதிக்கும் தெரிந்திசைவுதான். ஆனால் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டே கல்யாணம் பேசும் ஊரில், படிவத்தின் உள்ளே 'எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்' என்று எழுத எனக்குக் கை கூசாது. எந்தத் தமிழில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியாவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

அந்தத் தாளில் வம்பு இதோடு முடியவில்லை. சித்தியை 'வாடிக்கையாளர்' என்றது. வாடிக்கையாக வந்து துக்கம் சொல்ல இது மளிகைக் கடையா? வக்கீலிடம் போனால் கட்சிக்காரர் என்று ஒரு கௌரவமாவது உண்டு. இலங்கையில் கவுன்சலிங்குக்கு உளவளத்துணை என்று அருமையான சொல் வைத்திருக்கிறார்கள். நாம் அதைக்கூடக் கடன் வாங்கவில்லை. 'ஆலோசனை பெறுபவர்' என்றால் போதும். பிறகு 'தனியுரிமைக் கொள்கை', 'கட்டணக் கொள்கை'. கொள்கை என்றால் அதற்காக ஒருவர் சிறைக்குப் போக வேண்டும். கட்டணம் எப்போது, எப்படி, எவ்வளவு என்பது விதிமுறை, அவ்வளவே.

சிகரம், 'ரத்துக் கட்டணம்' என்ற பத்தி. '24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்படும் அமர்வுகளுக்கு ரத்துக் கட்டணம் பொருந்தும்.' முதல் நாள் சாயங்காலம் போன் செய்து வரவில்லை என்று சொன்னால் கட்டணம் ரத்து என்று நான் படித்தேன். அவர்கள் சொல்ல வந்தது, வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்பதை. அடுத்த வாரம் சித்திக்குக் காய்ச்சல் வந்தபோது முழுத் தொகையும் கட்டித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்தேன், இசையவில்லை.

'இரகசியத்தன்மை பேணப்படும்' என்றொரு வரியும் இருந்தது. தன்மையைப் பேணுவது எப்படி? அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுப்பது ரகசியக் காப்புப் பிரமாணம். ரகசியம் காப்பது, அது ஒரு செயல். தனியுரிமை வேறு, ரகசியக் காப்பு வேறு: முன்னது சித்தியுடையது, பின்னது ஆலோசகரின் கடமை. எப்போது அந்தக் காப்பு விலகும் என்பதைப் படிவம் சொல்லவே இல்லை. பிறருக்குத் தீங்கு நேரும் என்ற நிலை, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகளை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. உண்மையில் சித்தி தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் அதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நான்கு பக்கத்தையும் இரண்டு பக்கமாகத் திருத்தி எழுதி, காசு வேண்டாம் என்று மையத்துக்கு அனுப்பிவைத்தேன். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். போன செவ்வாய்க்கிழமை சித்தியோடு போனபோது புதுப் படிவம் அச்சாகி வந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு வரியும் நான் எழுதியபடியே இருந்தது. தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில்: 'தகவலறிந்த தெரிந்திசைவு ஒப்புதல் படிவம்'.