மைக் பிடித்தவரின் காது

குரல் கம்மிப்போய் வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது காதைப் பற்றித்தான். "தொண்டைக்கு வந்தா காதைக் கேக்கிறீங்களே" என்று சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வட இங்கிலாந்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இதை விளக்க ஒரு பெரியவரின் கதை கைகொடுக்கிறது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபதுகளில் ஸ்பீட்வே என்ற பைக் பந்தய மைதானமொன்றில் அறிவிப்பாளராக மைக் பிடித்தவர் அவர். பளபளக்கும் கோட்டு, கையில் நீண்ட வயர் மைக், வாய் நிறைய நக்கல். வீரர்களுக்கு இணையாக அவருக்கும் ரசிகர்கள் இருந்தார்களாம்.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும் பைக். ஒரே கியர், பிரேக்கே கிடையாது. நான்கு பேர், நீள்வட்டப் பாதையில் நான்கு சுற்று. வளைவுகளில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திரும்புவார்கள். இப்படி ஓர் ஓட்டம், அதாவது ஒரு ஹீட், முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. பல ஆண்டுகள் இந்த எஞ்சின்கள் சைலன்சர் இல்லாமலேயே ஓடின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இந்த விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் சொல்வது, 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனையொட்டிய எப்பிங் காட்டின் ஹை பீச்சில் நடந்த பந்தயம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கூட்டம் அலைமோதியது. 1949-இல் வெம்பிளியில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கு 90,000 பேருக்கு மேல் வந்தார்கள். இவர்களை எஞ்சின் மட்டும் கூட்டிவரவில்லை. பந்தயங்களை ஏற்பாடு செய்து நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் போன்ற வித்தைக்காரர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. நியூசிலாந்தில் பிறந்து, 1923-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் பந்தயம் நடத்திக் காட்டி, பிறகு பிரிட்டனுக்கு வந்தவர். வெம்பிளி, வெஸ்ட் ஹாம், நியூகாசில், கிளாஸ்கோ என்று போன இடமெல்லாம் திருவிழாவாக்கினார். கிளாஸ்கோவில் அப்பா ஒரு மைதானத்தை நடத்த, மகன் இயன் அதே ஊரில் போட்டி மைதானத்தை நடத்தினார். ஹாஸ்கின்ஸின் தொப்பியைப் பிடுங்கி வீரர்கள் தீ வைப்பார்கள். அவர் பதறுவதுபோல் நடிப்பார். எல்லோருக்கும் தெரிந்த நாடகம்தான், ஆனாலும் கூட்டம் அதற்காகக் காத்திருக்கும். 1968-இல், 76 வயதில், கேன்டர்பரியில் புதிதாக ஓர் அணியையே தொடங்கினார் என்றால் மனிதரின் தெம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கேளிக்கைக்குப் பழகிய கூட்டத்தின் முன்னால்தான் அறிவிப்பாளர் நிற்க வேண்டும். ஒரு நிமிட ஓட்டத்துக்குப் பிறகு சில நிமிட இடைவெளி. டிராக்டர் வந்து தடத்தைச் சமன்படுத்தும். ரசிகர்களின் கையில் நிகழ்ச்சித் தாளும் பேனாவும் இருக்கும். யார் முதல், யார் இரண்டாவது, எத்தனை நொடி, அணிகளின் மொத்தப் புள்ளி எவ்வளவு என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல, கட்டங்களில் எழுதிக்கொள்வார்கள். அவர் அவசரப்பட்டால் ஆயிரக்கணக்கான பேனாக்கள் தடுமாறும். அதனால் பெயரை இழுத்துச் சொல்வார், நிறுத்துவார், இன்னொரு முறை சொல்வார், நடுவில் எதிரணி மேலாளரை ஒரு வார்த்தை கிண்டலடிப்பார். "எஞ்சின் ஓடும்போது வாயைத் திறக்கவே மாட்டேன், அதோட யார் மல்லுக்கட்டறது?" என்றார் என் பெரியவர். குரல் விஷயத்தில் இதைவிட நல்ல ஒழுக்கம் கிடையாது. இன்றைய விழா மேடைகளில் டிஜே பாட்டுக்கு மேலே விடாமல் கத்தும் தொகுப்பாளர்கள் என்னிடம் வரும்போது, இதைத்தான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்த இழுவைக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து நம் குரல் நம் காதுக்கு வந்துசேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். பேசுகிறவரின் நாக்கைக் குழறவைக்க இந்தத் தாமதமே போதும். பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் 1950-இல் இதைப் பதிவு செய்தார். சொந்தக் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால், சரளமாகப் பேசுகிறவரும் திக்குவார், வேகம் குறைவார், சத்தத்தைக் கூட்டுவார். மைதான அறிவிப்பாளர்கள் அனுபவத்திலேயே இதற்கு ஈடுகொடுக்கக் கற்றிருக்க வேண்டும்.

சரி, பல வருடம் மைக் பிடித்தும் கெடாத குரல் எப்போது கெட்டது? ஓய்வுபெற்ற பிறகு. கரகரப்பு, மாலையானால் பேச்சே எழும்பாது. வயசாகிவிட்டது, குரல்நாண் தளர்ந்திருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் தளர்ச்சி பெரிதாக இல்லை. இரண்டு நாண்களின் ஓரமும் வீங்கிச் சிவந்திருந்தது. தினமும் கத்துகிறவர்களின் தொண்டை அது. "நான் யார்கிட்டேயும் கத்தறதில்லையே" என்று அவர் சொன்னது பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல டிவி சத்தம் தெருவுக்கே கேக்குதுங்க."

செவித்திறன் சோதனையின் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியை ஒட்டிக் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. பேரிரைச்சல் தின்ற காதின் அடையாளம் அது. மைதானத்தின் நடுப் புல்வெளியில், சைலன்சர் இல்லாத எஞ்சின்களுக்கு நடுவே, காதில் பஞ்சுகூட இல்லாமல் வருடக்கணக்காக நின்றவர். அந்தக் காலத்தில் யாரும் சொல்லவுமில்லை. வேலையிடத்து இரைச்சலுக்கென்று பிரிட்டனில் தனி விதிமுறைகள் வந்ததே 1989-இல்தான். 2005-இல் அவை கடுமையாக்கப்பட்டன. பொதுவான கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்.

நம் குரலின் அளவை நிர்ணயிப்பது காதுதான். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் எழுதிக்காட்டியது இதைத்தான்: காதில் இரைச்சல் விழுந்தால், பேசுகிறவர் தனக்கே தெரியாமல் குரலை உயர்த்துவார். உள்காது சேதமானவர்களுக்கும் அடிக்கடி இதே கதிதான். தன் குரல் தனக்கே மெலிதாகக் கேட்பதால், நாள் முழுக்க சந்தைக்கடைச் சத்தத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். கத்துகிறோம் என்ற உணர்வே இருக்காது. "மெதுவாப் பேசுங்க" என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. அளக்கும் கருவியே பழுதாகியிருக்கிறதே!

அதனால் அவருக்கு முதல் சிகிச்சை காதுக் கருவி. குரல் பயிற்சி அதற்குப் பிறகுதான். உறிஞ்சுகுழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழிவிட்டபடி "ஊ" என்று ஒலியெழுப்பும் பயிற்சி, அடிக்கடி செருமும் பழக்கத்தை விடுவது, இவ்வளவுதான். காதுக் கருவிக்கு அவர் லேசில் சம்மதிக்கவில்லை. கிழவன் மாதிரி தெரியுமாம். மின்னும் கோட்டு போட்டு ஆயிரக்கணக்கானோர் முன்னால் நின்றவருக்கு ஒரு சின்னக் கருவியில் என்ன வெட்கமோ! கடைசியில் மாட்டிக்கொண்டார். சில வாரங்களில் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. தொண்டை வீக்கம் அதற்குப் பின்னாலேயே வடிந்தது.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், சளி என்று சமாதானம் சொல்லாமல் இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். புகைபிடிப்பவர்களும் 45 வயதைத் தாண்டியவர்களும் தள்ளிப்போடவே கூடாது, புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். கத்தும்போது சட்டென்று குரல் அறுந்துபோனால் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், நாணில் ரத்தக்கசிவாக இருக்கலாம். கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள், அழுத்திக் கிசுகிசுப்பதும் பலருக்குச் சிரமத்தைத்தான் கூட்டும். மேடையில் பேசுகிறவர்கள், உங்கள் குரல் உங்களுக்கே உடனே கேட்கும்படி ஒரு சின்ன ஸ்பீக்கரை அருகில் வைக்கச் சொல்லி சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் யாராவது திடீரென்று உரக்கப் பேச ஆரம்பித்திருந்தால், தொண்டையோடு சேர்த்துக் காதையும் சோதித்துவிடுங்கள்.