வேரியோமீற்றர் தெர்மலைத் தேடித் தராது

கடந்த மாதம் அப்புத்தளைச் சரிவில், கவ்வாத்து வெட்டி இரண்டு கிழமைகூட ஆகாத தேயிலை மலையொன்றிலிருந்து, பராகிளைடர் என்னும் துணி இறக்கையில் பறந்து விழுந்த ஓர் இளைஞரைத் தூக்கிவந்தோம். கணுக்கால் முறிந்திருந்தது. வெட்டிய தேயிலைத் தண்டுகள் ஈட்டிபோல நிற்கும் காலம் அது; தொடையிலும் ஆழமான கிழிசல் இருந்தது. அவருடைய நெஞ்சுப் பட்டியில் கட்டப்பட்டிருந்த வேரியோமீற்றருக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று ஒலியால் சொல்லும் கருவி அது; டோஹாவில் வேலைசெய்யும் அண்ணன் வாங்கி அனுப்பியது. என் கைக்கு வந்தவற்றுள் மிக விலை கூடியவற்றில் ஒன்று. வலியில் முனகிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "மெசின் கடைசி வரைக்கும் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு சேர். நான் தெர்மல்லதானே இருந்தேன்?"

தெர்மல் என்பது வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்று. இந்தப் பறப்புப் பருவத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழுவது மூன்றாவது தடவை. முதல் இருவருக்கும் அடி படவில்லை என்பதால் நானும் பேசித் திருத்தியதோடு விட்டுவிட்டேன். அது என் பிழை. பராகிளைடர் பறக்கக் கற்பிப்பதும், பறப்புக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் தொழில். ஆகவே இதை எழுதிவைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு.

மூவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஆனால் மூவரும் நம்பியது ஒன்றையே. நல்ல வேரியோமீற்றர் வாங்கினால் அது தெர்மலைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும் என்றும், விலை கூடக் கூட இன்னும் தூரத்திலிருந்தே காட்டும் என்றும் நம்பினார்கள். இது முழுத் தவறு. வேரியோமீற்றருக்கு முன்னால் இருப்பது தெரியாது, பக்கத்தில் இருப்பதும் தெரியாது. தன் உணரியைத் தொடும் காற்றின் அமுக்கம் கூடுகிறதா குறைகிறதா, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அமுக்கம் குறைந்தால் ஏறுகிறோம் என்று எடுத்துக்கொள்கிறது, கூடினால் இறங்குகிறோம் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல் அதனிடம் எந்த அறிவும் இல்லை.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கருவியை மேசையில் வைத்துவிட்டு அறைக் கதவை வேகமாகச் சாத்துங்கள். மேசை ஓர் அங்குலம்கூட உயராதபோதும் கருவி கத்தும். நமது மலையக ரயில் பாதை செங்குத்தான இடங்களில் 44 அடிக்கு 1 அடி ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அங்கே ஏறும் ரயில் செக்கனுக்கு 13 சென்ரிமீற்றர் அளவில் உயருகிறது. நல்ல கருவி ஒன்று இதைக்கூட மெல்லிய ஒலியால் சொல்லிவிடும். ஆனால் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டிக்குள் அமுக்கம் குலுங்க, அதே கருவி வானத்துக்கே தூக்கிப்போனதுபோலக் கத்தும். அப்புத்தளை உயரத்தில் ஒரு மீற்றர் ஏறினால் மாறும் அமுக்கம் ஏறக்குறைய 10 பாஸ்கல், அதாவது அங்குள்ள மொத்த அமுக்கத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்கும் கருவி, கதவையும் சுரங்கத்தையும் எதிர்க்காற்றின் வீச்சையும் சேர்த்தேதான் பிடிக்கும். அந்த ஒலிக்குக் காரணம் தெர்மலா, மலைச்சரிவில் மோதி எழும் காற்றா, மலைக்குப் பின்னால் சுழலும் காற்றா என்று பிரித்தறிவது பறப்பவரின் வேலை.

தெர்மலைத் தேடுவது கண். வெலிமடைப் பக்கத்தில் உழுது காயவிட்ட மரக்கறித் தோட்டம், பத்தனைப் புல்வெளியின் நடுவே வெயில் ஏறிய பாறை, தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை, சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்து, திடீரென ஒரு பக்கமாகச் சாயும் புகை ஆகியவற்றைப் பார்க்கக் கற்றவர், கருவி இல்லாமலும் பாதித் தூரம் போய்ச் சேருவார். ஈரமாய் ஒரே பச்சையாய் விரிந்த தேயிலை மலையின் நடுவில் தேடுவதைவிட, அது பாறையையோ வெட்டைவெளியையோ சந்திக்கும் ஓரத்தில் தேடுவது பலன் தரும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே நுழைந்தோமா, எந்தப் பக்கத்தில் வலிமை கூட என்பதைச் சொல்வதற்குத்தான் வேரியோமீற்றர். 1920களின் இறுதியில் ஆஸ்திரிய விமானி ரொபர்ட் குரோன்ஃபெல்ட், பலூன்களில் பயன்பட்டுவந்த இந்தக் கருவியைக் கிளைடரில் வைத்துப் பறந்ததும் இதற்காகத்தான். உடல் உணராத சீரான மெல்லிய ஏற்றத்தை அது சொல்லும்.

சொல்லும், ஆனால் பிந்திச் சொல்லும். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இதுதான். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில், 25 பாகை சாய்வில் தெர்மலுக்குள் வட்டமிட்டு ஏறும் பராகிளைடர் ஒரு வட்டத்தை ஏறத்தாழ 14 செக்கனில் முடிக்கிறது. கருவி 3 செக்கன் பிந்திக் கத்தினால், அதற்குள் நாம் வட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கடந்துவிட்டோம். கத்தும் இடத்தில் தெர்மல் இருப்பதாக நினைத்து அந்தத் திசைக்கு நகர்ந்தால், உண்மையில் மையத்தை விட்டு விலகிப் போகிறோம். பிறகு மறுபடி தேடி, மறுபடி விலகி, கடைசியில் கருவி சரியில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். சரிபார்த்தால் பத்தில் எட்டுக் கருவிகளில் பழுது எதுவும் இராது. ஒலியை மென்மையாக்கும் அமைப்பை அளவுக்கு மீறிக் கூட்டிவைத்திருப்பார்கள்.

அதற்காக அந்த அமைப்பை அடியோடு குறைத்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் கருவி துள்ளும். அந்தச் சத்தத்துக்குள் உண்மையான ஏற்றம் மறைந்துபோகும். இதற்காகவே இப்போதைய சில கருவிகள், அமுக்க உணரியோடு முடுக்கத்தை அளக்கும் உணரிகளையும் சேர்த்துக் கணித்து, பிந்தாமலும் துள்ளாமலும் ஒலி தருகின்றன. கூடுதல் பணம் கொடுப்பதாயின் இதற்குக் கொடுங்கள். வண்ணத் திரைக்கும் வரைபடத்துக்கும் கொடுக்காதீர்கள். அவை நீண்ட தூரம் பறப்பவருக்குப் பயன்படும், முதல் வருடத்தில் உங்களுக்குப் பயன்படா. கண்கள் மலையிலும் அருகில் பறப்பவரிலும் இருக்க வேண்டும். கருவி காதோடு பேச வேண்டும். ஏற்றம் கூடும்போது ஒலியின் உயரமும் துடிப்பும் தெளிவாகக் கூடுகின்றனவா, ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலை மீறிக் கேட்கிறதா என்று பாருங்கள். திரையே இல்லாமல் ஹெல்மெட்டில் ஒட்டிவைக்கும் சிறு ஒலிக் கருவிகள் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவற்றைத்தான்.

அடுத்ததாக, 15 முதல் 30 செக்கன் வரையான சராசரி ஏற்றத்தைக் காட்டும் வசதி வேண்டும். ஒரு கணம் செக்கனுக்கு 3 மீற்றர் என்று கத்தியது நினைவில் நிற்கும்; வட்டத்தின் மறுபாதியில் 2 மீற்றர் இறங்கியது நினைவில் நிற்காது. சராசரிதான் அங்கே நிற்பதா, அடுத்ததைத் தேடிப் போவதா என்று நேர்மையாகச் சொல்லும். பராகிளைடர் அசையாத காற்றிலும் செக்கனுக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேலாக இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கருவி பூச்சியம் காட்டினால், உங்களைச் சுற்றியுள்ள காற்று ஒரு மீற்றருக்கு மேல் ஏறுகிறது என்று பொருள். பலர் பூச்சியத்தை வெறுமை என்று எண்ணி, நல்ல தெர்மலின் ஓரத்தை விட்டுவிட்டு வெளியேறுகிறார்கள்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். எக்ஸ்சிசோர் போன்ற இலவசச் செயலிகள் வரைபடத்துக்கும் தூரக் கணக்குக்கும் மிக நல்லவை. ஆனால் பல தொலைபேசிகளில் அமுக்க உணரியே கிடையாது, ஜி.பி.எஸ். தரும் உயரத்தை நம்பி மையம் பிடிக்க முடியாது. தனியான வேரியோவை புளூடூத் மூலம் இணைத்துப் பயன்படுத்துங்கள்.

அவுஸ்திரேலியாவுக்கோ ஜெர்மனிக்கோ போய், இறக்கை விறைத்த கிளைடரில் பறக்கக் கற்கும் நம் பிள்ளைகளும் எனக்கு எழுதுகிறார்கள். தம்பி, தங்கை, உங்கள் நிலைமை வேறு. 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிளைடரின் மூக்கை உயர்த்தி 100க்குக் கொண்டுவந்தால், காற்றின் உதவி சிறிதும் இல்லாமலே அது 38 மீற்றர் அளவில் உயரும். ஈடுசெய்யாத வேரியோமீற்றர் இதைத் தெர்மல் என்று கத்தும். வேகம் உயரமாக மாறியதைக் கழித்துச் சொல்லும் மொத்தச் சக்தி ஈடு உங்கள் கருவியில் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கான குழாய் வாலிலோ முதுகிலோ நீட்டிக்கொண்டிருக்கும். அதன் துளையில் மண்குளவி கூடு கட்டியிருந்தாலும், குழாய்க்குள் ஈரம் தேங்கியிருந்தாலும், இணைப்பு ஒன்று கசிந்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பொய் சொல்லும். கருவியைக் குறை சொல்லுமுன் குழாயைப் பாருங்கள். பராகிளைடரின் வேகம் 45இலிருந்து 36 கிலோமீற்றருக்குக் குறைந்தால் கிடைக்கும் உயரம் 3 மீற்றர்தான். ஆகவே அந்த ஈட்டுக்காகப் பராகிளைடர்காரர் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இனி, கணுக்கால் முறிந்தவரின் கதைக்கு வருகிறேன். தெற்கிலிருந்து வந்த காற்று அப்புத்தளைச் சரிவில் மோதி மேலெழுந்துகொண்டிருந்தது. கருவி கத்தியது உண்மை. அவர் ஏறியதும் உண்மை. ஆனால் அது தெர்மல் அல்ல, சரிவுக் காற்று. சரிவு நெடுகிலும் போய்வரும் வரை அது தாங்கும். அவர் மையம் பிடிக்க நினைத்து முழு வட்டம் போட்டார். மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று, 14 செக்கன் வட்டம் ஒன்றுக்குள் உங்களை 58 மீற்றர் மலையை நோக்கித் தள்ளிவிடும். வட்டத்தின் குறுக்களவோ 44 மீற்றர்தான். முதல் வட்டத்தில் அவர் தப்பினார். இரண்டாவது வட்டம் தேயிலையில் முடிந்தது, கருவி அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. மலைமுகட்டுக்கு மேலே போதிய உயரமும், மலையிலிருந்து போதிய தூரமும் கிடைக்கும் வரை முழு வட்டம் போடாதீர்கள். மலைக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பி, எட்டு வடிவில் போய்வாருங்கள். கருவி எவ்வளவு கத்தினாலும் சரி.

தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் ஊவாப் பக்கம் பறக்க வராதீர்கள். மேற்கு மலைகளைத் தாண்டி விழும் அந்தக் காற்று மலைக்குப் பின்னால் சுருண்டு எழும்போது வேரியோமீற்றர் உற்சாகமாகக் கத்தும். அடுத்த கணம் இறக்கை மடியும். வானம் நீலமாக இருப்பதை நம்பி வந்து கெஞ்சுபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன்.

பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பின் எழும் இடிமேகம் இன்னும் மோசமானது. மேகத்தின் அடி கறுத்து, வட்டமிடாமலே ஏற்றம் கூடிக்கொண்டு போனால், அந்த இனிமையான ஒலிதான் வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை. 2007 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் மனில்லாவில் ஜெர்மன் வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்கா இடிமேகத்துக்குள் இழுக்கப்பட்டு 9,946 மீற்றர் உயரம்வரை போனார். அவர் நினைவிழந்து, பனியுறைந்து, எப்படியோ உயிர் பிழைத்தார். அதே நாளில் அதே மேகம் சீன வீரர் ஒருவரின் உயிரைக் குடித்தது. உலக மட்டத்தில் பறந்தவர்களுக்கே நேர்ந்தது இது.

கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விற்க வேண்டாம். அதை ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் காற்றோடு கட்டி, பையை மெல்ல அமுக்கி விடுங்கள். அமுக்கும்போது இறக்கமும் விடும்போது ஏற்றமும் ஒலிக்க வேண்டும். கையை விட்டதற்கும் ஒலி வந்ததற்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். ஒரு செக்கனுக்கு மேல் போனால் மென்மையாக்கும் அமைப்பைக் குறைத்து மறுபடி பாருங்கள். ஏற்ற ஒலி செக்கனுக்கு 0.1 அல்லது 0.2 மீற்றரில் தொடங்கட்டும். இறக்க எச்சரிக்கை 2.5இல் இருக்கட்டும். அடுத்த முறை மலைக்கு வரும்போது திரையை ஒரு துண்டு ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு வாருங்கள். முதல் மூன்று பறப்பிலும் காதால் மட்டும் கேட்டு, ஏற்றம் கூடும்போது சாய்வைக் குறைத்தும், ஏற்றம் குறையும்போது சாய்வைக் கூட்டியும் பழகுங்கள். நாடாவை நான்காவது பறப்புக்கு முன் நானே கழற்றித் தருகிறேன்.