கனடாவின் வடக்கே 'வைரம் கிடைத்தது' என்றால் பணம் போடலாமா?

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். போன வாரம் டொரண்டோவில் இருக்கும் சித்தி மகன் ஒரு கம்பெனி அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸ்ல வைரம் கிடைச்சிருக்காம், ஷேர் இப்ப பத்து சென்ட்தான், போடலாமா?" என்று கேட்டான். நான் ஜியாலஜிஸ்ட். அந்தப் பக்கம் மூன்று கோடைக்காலம் மண் அள்ளியிருக்கிறேன், இரண்டு குளிர்காலம் துளை போடும் ரிக்குக்குப் பக்கத்தில் நின்று, துளையிலிருந்து வரும் உருளைப் பாறையான கோரின் பெட்டிகளைப் பதிவு செய்திருக்கிறேன். அறிக்கையின் முதல் வரியே 'கிம்பர்லைட்டில் வைரம் இருப்பது உறுதி' என்கிறது (கிம்பர்லைட் என்பது பூமியின் ஆழத்திலிருந்து குழாய் வடிவில் மேலே எழும்பி உறைந்த எரிமலைப் பாறை). பொய் இல்லை. அங்கிருந்து சுரங்கம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பிரதேசத்தின் தலைநகர் யெல்லோநைஃபிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கி.மீ. போனால் லாக் டி கிரா ஏரி. மரம் கிடையாது, பாறையும் ஏரியும்தான். கீழே இருப்பது ஸ்லேவ் கிராட்டன் என்கிற, 250 கோடி வருடத்துக்கும் பழைய கண்டத்துண்டு. அதன் தடித்த, குளிர்ந்த அடிவேரில், 150 கி.மீ.க்கும் கீழே, வைரம் வைரமாகவே நிலைத்திருக்க முடியும். கிம்பர்லைட் வைரத்தை உண்டாக்குவதில்லை, வழியில் இருப்பதை ஏற்றிக்கொண்டு மேலே வரும் பஸ் மாதிரி. நிறைய பஸ் காலியாகத்தான் வரும். கிம்பர்லைட் மென்மையான பாறை என்பதால் பனியாறுகள் அதைச் சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டன, பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. அதனால்தான் அங்கே பல குழாய்கள் ஏரிக்கு அடியில் கிடக்கின்றன, நாங்களும் ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டி மேல் ரிக்கை நிறுத்தித் துளை போடுகிறோம்.

தேடுவது வைரத்தை இல்லை. அதோடு கூட வரும் பைரோப் கார்னெட், குரோம் டயாப்சைடு, இல்மனைட் போன்ற கனிமங்களைத்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை இவை. பனியாறு இவற்றைக் குழாயிலிருந்து இழுத்துப்போய் வழியெல்லாம் இறைத்திருக்கும். பனி வந்த திசையில் எதிர்நடை போட்டு மூலத்தைப் பிடிக்க வேண்டும். லாக் டி கிரா பக்கம் முதன்முதலில் வைரத்தைக் கண்டுபிடித்த ஜியாலஜிஸ்ட்கள் சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் ப்ளூசனும் 1980களில் மெக்கென்சி ஆற்றுப் பக்கமிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் மணியோசையிலும் தரம் உண்டு. ஒரு கோடையில் நான் எடுத்த மாதிரிகளில் நாலே நாலு கார்னெட் கிடைத்தது. நாலும் உருண்டு தேய்ந்தவை. குழாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும் கார்னெட்டில் கெலிஃபைட் என்று ஒரு மெல்லிய மேலோடு ஒட்டியிருக்கும், கொஞ்ச தூரம் போனாலே அது உதிர்ந்துவிடும். இவற்றில் அந்த ஓடு துளியும் இல்லை, அதாவது எங்கிருந்தோ வெகுதூரம் வந்தவை. அதை நான் எழுதியும் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்த கம்பெனி அறிக்கையில் 'எங்கள் நிலத்தில் வைரத்தோடு தொடர்புடைய கனிமங்கள்' என்பது மட்டும் இருந்தது. ஷேர் ஏறியது, பிறகு வழக்கம்போல இறங்கியது.

சரி, குழாயே கிடைத்து, அதில் வைரமும் இருக்கிறது என்றால்? 1991ல் லாக் டி கிரா பக்கம் பாயின்ட் லேக்கில் போட்ட துளையில் 59 கிலோ கோரிலிருந்து 81 சிறு வைரங்கள் கிடைத்தன. அந்தச் செய்திதான் ஒரு பெரிய நில வேட்டையையே கிளப்பிவிட்டது. ஆனால் 1998ல் எகாட்டி சுரங்கம் திறந்தபோது முதலில் தோண்டியது அந்தக் குழாயை இல்லை, பாண்டா என்ற வேறொன்றை. எகாட்டி நிலத்தில் 150க்கும் மேற்பட்ட கிம்பர்லைட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. தோண்டியவை பத்துப் பன்னிரண்டுக்குள்தான் இருக்கும்.

கோரைக் காஸ்டிக் சோடாவில் உருக்கி எண்ணும் மைக்ரோ வைரங்கள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சின்னவை. அவற்றின் எண்ணிக்கையை விட, சின்னதிலிருந்து பெரியதுக்கு எப்படிப் பரவியிருக்கின்றன என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அப்புறம் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான டன் பாறையைத் தோண்டி பல்க் சாம்பிள் எடுக்க வேண்டும், ஏனென்றால் தங்கத்துக்கு இருப்பது போல வைரத்துக்கு ஒரே சந்தை விலை கிடையாது. ஒவ்வொரு குழாயின் கற்களும் ஒவ்வொரு விலை, ஆயிரக்கணக்கான காரட் கையில் இருந்தால்தான் மதிப்பீட்டாளரே நம்பி ஒரு விலை சொல்வார். லாக் டி கிரா ஏரியிலேயே இருக்கும் டயாவிக் சுரங்கத்தில் டன்னுக்கு மூன்று காரட்டுக்கு மேல் கிடைத்தது, உலகத்திலேயே வளமான சுரங்கங்களில் அது ஒன்று. மூன்று காரட் என்பது 0.6 கிராம், அதுவும் ஆயிரம் கிலோ பாறைக்கு! அந்தக் குழாய்களை எடுக்க ஏரிக்குள் 3.9 கி.மீ. நீளத்துக்கு அணை கட்ட வேண்டியிருந்தது. 1994ல் கண்டுபிடித்து, 2003ல்தான் உற்பத்தி. அதுவே வேகம் என்பேன்.

போய்ச் சேருவதே பெரும்பாடு. நிரந்தரச் சாலை கிடையாது. வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் உறைந்த ஏரிகள் மேல் போடும் பனிச்சாலையில்தான் டீசல், சிமென்ட், எந்திரம் எல்லாம் போக வேண்டும். சரக்கு லாரி 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் அலை எழும்பிக் கட்டியை உடைத்துவிடும். 2006ல் குளிர் சரியாக இல்லாமல் சாலையைச் சீக்கிரமே மூடினார்கள், மிச்சச் சரக்கை விமானத்தில் கொண்டுபோனார்கள். இந்தச் செலவையெல்லாம் அறிக்கையின் முதல் பக்கத்தில் யாரும் போடுவதில்லை.

வேலை தொடங்கிவிட்ட சுரங்கமும் தப்பும் என்று இல்லை. பக்கத்துப் பிரதேசமான நுனாவுட்டின் ஜெரிக்கோ 2006ல் திறந்து 2008லேயே நின்றது. பெரிய வைரக் கம்பெனியான டி பியர்ஸ் ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் திறந்த ஸ்னாப் லேக் 2015 கடைசியில் மூடியது. ஆழத்துக்கு இறங்கும் குழாயாக இல்லாமல் சாய்ந்து கிடக்கும் மெல்லிய தகடு அது, தண்ணீர் வேறு கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்து விலையையும் கீழே இழுத்துவிட்டது. நிலத்துக்குரிய பழங்குடிகளான ட்லிச்சோ, யெல்லோநைவ்ஸ் டெனே மக்களோடு உடன்படிக்கை இல்லாமல் அங்கே ஒரு சுரங்கத்தை நடத்திவிடலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் நம்பியிருந்த பாத்தர்ஸ்ட் கரிபூ மான் மந்தை 1986ல் நாலரை லட்சத்துக்கு மேல் இருந்தது, 2018 கணக்கில் சுமார் 8,200.

சின்ன கம்பெனிகளே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஃபிப்கியும் சின்ன கம்பெனிக்காரர்தான். ஆனால் பங்கு வாங்குமுன், கனடாவில் என்.ஐ. 43-101 விதிப்படி பதிவாகும் தொழில்நுட்ப அறிக்கையைச் சேடார் பிளஸ் தளத்தில் தேடிப் படியுங்கள், காசு கிடையாது. ப்ரீ-எக்ஸ் தங்க மோசடிக்குப் பிறகு வந்த விதி அது. 'இன்ஃபர்டு ரிசோர்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது இன்னும் ஊகம்தான், 'ரிசர்வ்' என்ற சொல் வந்தால்தான் லாபமாகத் தோண்டலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று அர்த்தம். சித்தி மகனிடம் ஒரே ஒரு கேள்வியைக் கம்பெனிக்கு எழுதச் சொன்னேன்: இதுவரை எத்தனை டன் பாறையை உடைத்து, எத்தனை காரட் எடுத்தீர்கள்?

நேற்று பதில் வந்ததாம். மொத்தம் 190 கிலோ கோர், 63 கற்கள். காரட் கணக்கு 'பின்னர் அறிவிக்கப்படும்'.