மேலே ஆறு பேனல், கீழே ஃபேன் சுத்தலை

போன மாத ஷட்டவுன் அன்றைக்குக் காலை ஒன்பதரைக்குள் எனக்கு ஏழு போன். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து நாலு வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள், அதில் யாருக்கும் கோபம் இல்லை. கோபம் எல்லாம் சோலார் மேல். ஏழாவதாகக் கூப்பிட்டவர் ரிட்டயர்டு ஹெச்.எம். ஒருவர். "ஏனுங் தம்பி, வெயில் மண்டையப் பொளக்குது, மேல ஆறு பேனல் நிக்குது, கீழ ஃபேன் சுத்தலையே, இதுக்கா இத்தனை காசு குடுத்தேன்?" என்றார். சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில்தான், ஆனால் அவர் வீட்டில் போட்டது நான் இல்லை, வேறு ஆள். இருந்தாலும் திட்டு எனக்குத்தான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதை எழுத உட்கார வைத்தது அதற்கு அடுத்த வாரம் போய்ப் பார்த்த இன்னொரு வீடு. இதே கேள்வியை உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் 'சுலபமா முடிச்சிரலாம்' என்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த யுபிஎஸ்ஸின் அவுட்புட்டைக் கொண்டுபோய் சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) லைனோடு சேர்த்துவிட்டார். கரண்ட் போனதும் சோலார் ஓடவும் ஓடியது! யுபிஎஸ் கொடுக்கிற 230 வோல்ட்டை ஈபி கரண்ட் என்று அது நம்பிவிட்டது. மதியம் வீட்டில் லோடு இல்லை, மேலே 3 கிலோவாட் கொட்டுகிறது, போக இடமில்லாமல் அத்தனையும் யுபிஎஸ் வழியாகப் பின்பக்கமாக பேட்டரிக்குள் போயிருக்கிறது. நான் போனபோது கூடம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். டியூபுலர் பேட்டரி பக்கவாட்டில் வீங்கி நின்றது, யுபிஎஸ் போர்டு கருகிக் கிடந்தது. அதிலிருந்து நாலடியில் பூஜை அலமாரி, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிற லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும். முதலில் விளக்கைத்தான் அணைத்தேன், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மானியத்தில் நம் ஊர் வீடுகளில் ஏறிய சோலாரில் பெரும்பாலானவை ஆன்-கிரிட். ஈபி கரண்ட் இருந்தால்தான் அது ஓடும், போனால் தானே நின்றுவிடும். கோளாறு இல்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஷட்டவுன் எதற்கு எடுக்கிறார்கள்? லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு. தெருவுக்கு நாலு வீடு மேலிருந்து கரண்டை லைனுக்குள் தள்ளிக்கொண்டிருந்தால் அவர் கதி என்ன? அதனால்தான் நிற்கிறது. பேனல் பழுதில்லை, உங்களை ஏமாற்ற யாரும் உள்ளே எதையும் பொருத்தவில்லை, பேனலைத் துடைத்தாலும் ஓடாது (இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்). விற்ற ஆள் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 2024இல் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்ததிலிருந்து எல்லாருக்கும் அவசரம், சொல்ல நேரமில்லை.

என்னை அதைவிடவும் கடுப்பேற்றுகிற நம்பிக்கை ஒன்று உண்டு. "பகலெல்லாம் ஈபிக்குக் குடுத்தோமே, அது எங்க கணக்குல இருக்குதில்ல, அதைக் கரண்ட் போறப்பத் திருப்பி விடட்டுமே." நெட் மீட்டரை, அதாவது ஈபியிலிருந்து வந்ததையும் நாம் அனுப்பியதையும் எண்ணுகிற மீட்டரை, சேமிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். காலையில் 5 லிட்டர் ஊற்றுகிறீர்கள், புத்தகத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். ராத்திரி போய் 'என் பாலைக் கொடு' என்றால் இருக்குமா? காலை பத்து மணிக்கே யாரோ டீ போட்டுக் குடித்திருப்பார்கள். புத்தகத்தில் லிட்டர் இருக்கும், பால் இருக்காது. நீங்கள் அனுப்பிய யூனிட்டும் அந்த நிமிடமே பக்கத்து வீட்டு மிக்சியில் ஓடித் தீர்ந்துவிட்டது. பில்லில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கரண்டை எடுத்து வைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் இடம் வேண்டும்.

அப்படி ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே, கோவை மாவட்டத்தில் ஆழியாறுக்கு மேலே மலையில் இருக்கிறது. கடம்பாறை. 100 மெகாவாட் மெஷின் நாலு, மொத்தம் 400, மலைக்குள் குடைந்த பவர் ஹவுஸ். கரண்ட் மிஞ்சுகிற நேரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றுவது, சாயங்காலம் ஊரெல்லாம் சுவிட்ச் போடுகிற நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி கரண்ட் எடுப்பது. இந்த மாதிரி நிலையங்களில் 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் திரும்பக் கிடைப்பது 75, 80. நஷ்டம்தானே என்பார்கள். வீணாய்ப் போகிற 100க்கு 75 கிடைத்தால் அது லாபம் என்பது என் கணக்கு. நம் பக்கம் ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாலைகள் ராத்திரியும் சுற்றும், வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்ன வருடங்களும் உண்டு. மேகம் மூடி சோலார் குறைகிற அதே மாதங்களில்தான் காற்று வீசுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெயிலும் காற்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், நடுவில் ஏந்திக்கொள்ள ஒரு தொட்டி வேண்டும். கடம்பாறை மாதிரி நாலைந்து, ஊருக்கு ஊர் சப்ஸ்டேஷனில் பேட்டரி என்று வந்தால் போதும் என்று மனதாரச் சொல்வேன்.

உங்கள் வீட்டு மாடித் தொட்டியும் குட்டிக் கடம்பாறைதான், தண்ணீரை இறக்கிக் கரண்ட் எடுக்க முடியாது என்பதைத் தவிர. விடிகாலை ஐந்துக்குப் போடுகிற மோட்டாரை பதினொன்றுக்குப் போடுங்கள். வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் எல்லாம் வெயில் நேரத்துக்கு. காசு செலவில்லாத சேமிப்பு இது.

அப்புறம் நிஜ பேட்டரி. வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுங்கள். ஈபி போனதும் தெரு லைனைத் துண்டித்துவிட்டு, பேனலையும் பேட்டரியையும் வைத்து வீட்டை மட்டும் ஓட்டும். 3 கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரியில் 5 யூனிட் பிடிக்கும். பழைய 75 வாட் ஃபேன் நாலு ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட், கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 1 யூனிட்தான். அதனால் முதலில் ஃபேனை மாற்றுங்கள், பேட்டரி அளவை அப்புறம் பேசலாம். ஏசியை பேட்டரியில் ஓட்டப் போகிறேன் என்பவரிடம் நான் வாக்குவாதம் செய்வதை விட்டுவிட்டேன், நாலைந்து மணி நேரத்தில் பேட்டரியே சொல்லிக் கொடுத்துவிடும். மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்கு உங்கள் காசு.

இனி சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். வேலை முடிந்ததும், பணம் முழுதாகக் கொடுப்பதற்கு முன்னால், மெயினை இறக்கி எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று ஆளை நிற்க வைத்துப் பாருங்கள். லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை மட்டும் தனி லைனாக பேக்கப்பில் இருக்கட்டும், கீசர் அந்தப் பக்கமே வரக்கூடாது. பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்காதீர்கள். டியூபுலருக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான், ஆர்ஓ தண்ணீரும் தண்ணீர்தானே என்று ஊற்றாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். லித்தியத்தை மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். இன்வெர்ட்டரை மாற்றினால் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரை பிளக்கில் சொருகி வீட்டை ஓட்டுகிறீர்களே, இன்றைக்கே அதை வெட்டிப் போடுங்கள், ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டாதீர்கள். கம்பத்தில் நிற்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

ஹெச்.எம். வீட்டில் இன்வெர்ட்டரை மாற்றி ஒரு பேட்டரி வைத்துக் கொடுத்தேன். இந்த மாத ஷட்டவுனிலும் போன் வந்தது, ஒன்பதே காலுக்கு.

"தம்பி, ஃபேன் சுத்துதுங். இட்லிக்கு மாவாட்டோணும்னு அம்மா நிக்கறா, போடலாமா?"

"வெயில் ஏறட்டுங்க சார், பத்தரைக்கு மேல போடச் சொல்லுங்க."