மயில்கழுத்துப் பட்டில் நிறம் மாறுவது எப்படி?

ஆரணிப் பட்டுச் சேலைகளில் மயிலுக்குப் பஞ்சமில்லை. கரையிலும் முந்தானையிலும் அன்னத்தோடும் யாளியோடும் அது வரிசை கட்டி நிற்கும். ஆனால் மயிலின் வடிவத்தை விடுத்து, அதன் கழுத்து ஒளியில் நிறம் மாறும் இயல்பையே துணிக்குள் கொண்டுவந்த மயில்கழுத்து நிறம்தான் நெசவாளர்கள் இயற்கையிடமிருந்து பெற்றவற்றுள் மிக நுட்பமானது என்பேன்.

மயிலிறகின் நீலம் சாயத்தால் வருவதன்று. இறகின் மிக நுண்ணிய இழைகளில், மெலனின் என்னும் கருநிறப் பொருளாலான நுண்கம்பிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. தோகைக் கண்ணில் நீலம் தெரியும் இடத்தில் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர். பச்சை தெரியும் இடத்தில் ஏறத்தாழ 150. இந்தச் சிறு வேறுபாடுதான் எந்த நிற ஒளி வலுப்பெற்றுத் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மயிலிறகை நனைத்தால் அதன் நிறங்கள் மறைவதை, அதாவது அவை சாயமல்ல என்பதற்கான அடையாளத்தை, ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்.

தறியில் அவ்வளவு நுண்ணிய அடுக்கு சாத்தியமில்லை. ஆகவே நெசவாளர் வேறு வழியில் அதே விளைவை எட்டுகிறார்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. ஒவ்வொரு ஊடை நூலும் ஒரு பாவு நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகச் செல்லும் சாதா நெசவில், இரண்டு நிறங்களும் துணியின் முகத்தில் ஏறக்குறைய சம அளவில் இடம்பெறுகின்றன. வெயிலில் கிடக்கும் எவர்சில்வர் குழாயில் பளபளப்பு ஒரு கோடாகத் தெரிவதுபோல, ஒவ்வொரு பட்டிழையும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையில்தான் ஒளியை அதிகமாகத் திருப்புகிறது. பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால், ஒரு கோணத்தில் பாவின் நீலம் ஓங்கும். துணியைக் கால்வட்டம் திருப்பினால் ஊடையின் பச்சை ஓங்கும். சேலையின் ஒவ்வொரு கொசுவமும் ஒளிக்கு வெவ்வேறு கோணத்தில் நிற்பதால், உடுத்தும்போது இரண்டு நிறங்களும் அடுத்தடுத்து அலையாக ஓடுகின்றன.

குடியாத்தம் லுங்கியிலும் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம் போடலாம். ஆனால் இந்த அளவு மினுமினுப்பு அதில் வராது. பருத்தி இழை சில சென்டிமீட்டர் நீளமே உள்ளது. முறுகிய நாடாபோன்ற அதன் மேற்பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கிறது. பட்டிழையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் ஓடுவது; பசை நீக்கியபின் வழவழப்பானது; அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். உள்ளே நுழையும் ஒளி பின்பக்கத்தில் மோதித் திரும்பி, சாயத்தின் நிறத்தோடு வெளியேறுவதால், பளபளப்பிலும் நிறம் கலந்திருக்கிறது. நூலுக்கு முறுக்கு மிகுந்தால் இழைகளின் திசை கலைந்து, இந்தப் பளபளப்பும் குறைந்துவிடும்.

மயிலைப்போலவே சாயமின்றி நுண்ணிய அடுக்குகளால் நிறம் காட்டும் மார்ஃபோ பட்டாம்பூச்சியைப் பின்பற்றி, ஜப்பானின் தெய்ஜின் நிறுவனம் பாலியெஸ்டரையும் நைலானையும் மாறிமாறி 61 அடுக்குகளாக வைத்துச் சாயமற்ற இழையையே உருவாக்கியது. அது பெரிய ஆலையின் வேலை. நம் தறிகளில் செய்யத்தக்க சோதனைகள் வேறு. அவற்றுக்கு ஒரே பாவு போதும். சிவப்புப் பாவின்மேல் பச்சை, மஞ்சள், கருநீலம் என ஊடையை மட்டும் மாற்றி ஒரு சாண் அளவு மாதிரிகளை நெய்து பார்க்கலாம். இரண்டு நிறங்களும் சாயலில் விலகியிருந்து வெளிச்ச அளவில் நெருங்கியிருந்தால்தான் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஒன்று மிக வெளிறியிருந்தால் அதுவே மற்றதை அமுக்கிவிடும்.

நெசவமைப்பையும் மாற்றலாம். துணியின் தரை முழுவதும் சாதா நெசவாக இருக்க, பாவு நூல்களைத் தனித்தனியே தூக்கி வடிவம் நெய்ய உதவும் ஜக்கார்டு கருவியால் புட்டா வரும் இடத்தில் மட்டும் பாவு நூல்களை ஊடைகளுக்கு மேலே நீளமாக மிதக்கவிட்டால், அங்கே பாவின் நிறம் மேலோங்கும். ஒரு கோணத்தில் தரையோடு கலந்துவிடும் அந்தப் புட்டா, மறு கோணத்தில் எழுந்து நிற்கும். அதற்குச் சரிகையோ தனி நூலோ தேவையில்லை. பாவு நூல் எத்தனை ஊடைகளைத் தாண்ட வேண்டும் என்ற கணக்கே போதும்.