தர்ம காரியத்துக்கும் பர்மிட் வேண்டும்

இந்த மழைக்காலத்தில் இன்னொரு காப்பகம் மூடப்பட்டது. மலையக நகரம் ஒன்றில் பஸ் நிலையத்திலும் கடைத் தாழ்வாரங்களிலும் படுத்துக் கிடந்த வயதானவர்களுக்காக நல்ல மனம் படைத்த சிலர் ஒரு பழைய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்தார்கள். இடம் போதவில்லை என்று பின்னாலிருந்த மண்மேட்டை வெட்டி, தகரம் போட்டு இரண்டு அறைகளை இழுத்தார்கள். வெட்டிய மண் வடிகானுக்குள் போனது. மலசலகூடக் குழியை மேட்டுக்கு மேலேயே தோண்டியிருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது வெட்டிய முகப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து ஒரு பாட்டியின் கட்டிலுக்கு அடியில் தேங்கி நின்றது. அன்றைக்கே எல்லாரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. சொந்தபந்தம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? மறுபடியும் பஸ் நிலையம்தான்.

உள்ளூராட்சிச் சபையில் கட்டட விண்ணப்பங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். ஒவ்வொரு முறையும் கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: "ஐயா, இது தர்ம காரியம். இதுக்குமா பர்மிட்?"

ஆமாம், இதற்கும்தான். நீங்கள் காசு வாங்குகிறீர்களா, சும்மா கொடுக்கிறீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டப்படி, நகர அபிவிருத்திப் பகுதி என்று வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அபிவிருத்தி வேலைதான். நேற்றுவரை உரமூட்டை கிடந்த இடத்தில் இன்றைக்கு மனிதர்கள் தூங்கினால், ஒரு கல்லைக்கூட நீங்கள் புதிதாக வைக்காவிட்டாலும் அது பயன்பாட்டு மாற்றம். பிரகடனப்படுத்தாத பகுதி என்றால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கட்டி முடித்ததும், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுத்த பிறகே ஆட்களைக் குடியேற்றலாம். இதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

அடுத்த வாக்கியம், "இது தற்காலிகம்தானே." இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்களுக்குப் புது வீடுகள் கைக்கு வந்தது 2016 இல். அதுவரை அவர்கள் இருந்ததும் 'தற்காலிக' இடம்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எத்தனை பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் முகாம்களாயின என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். மலையகத்தில் தற்காலிகம் என்பது வருடக் கணக்கு. தகரத்துக்குக் கீழே தூங்குகிறவர் மேல் விழும் மண், இது நிரந்தரக் கட்டடமா என்று பார்த்துக்கொண்டு விழுவதில்லை.

அப்புறம் தேயிலைத் தோட்டங்கள். "துரை சரி சொல்லிவிட்டார், சபைக்கு இங்கே என்ன வேலை?" என்பார்கள். துரை என்றால் தோட்ட முகாமையாளர். தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் வேலை செய்ய இருந்த தடை 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு நீங்கியது. துரையின் சம்மதம் காணிக்கு. கட்டடத்துக்கு அது போதாது.

அக்கம்பக்கத்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காப்பகம் வரப்போகிறது என்று தெரிந்தாலே கையெழுத்து வேட்டை தொடங்கிவிடுகிறது. ஒரு வலயத்தில் என்ன நடத்தலாம், என்ன கூடாது என்பதை அந்தப் பகுதிக்கு வர்த்தமானியில் வெளிவந்த அபிவிருத்தித் திட்டம் சொல்லும். மலக்குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வருகிறதா, எழுதிக் கொடுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம். "இந்த ஆட்கள் வந்தால் காணி விலை இறங்கும்" என்பதை நான் ஒரு காரணமாகவே எடுப்பதில்லை. நாற்பது வருஷம் கொழுந்து பறித்து, லயக் காம்பிராவும் கைவிட்டுப் போய், தெருவுக்கு வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

காப்பகம் தொடங்க நினைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முற்பணம் கொடுப்பதற்கு முன்னால் சபைக்கு வாருங்கள். உறுதிப் பத்திரப் பிரதியும் நில அளவைப் படமும் கையில் இருக்கட்டும். பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதியைக் கேளுங்கள். அந்த இடத்தில் முடியுமா முடியாதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் அறிக்கையும் வேண்டும். அது தாமதமாகிறது என்று முறைப்பாடு சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அதில்லாமல் மேட்டில் மண்வெட்டியை வைக்காதீர்கள். முதியோர் இல்லமாக நடத்துவதென்றால் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதற்குத் தனிப் பதிவு உண்டு. பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தோடு பேசாமல் ஒரு பிள்ளையைக்கூட எடுக்காதீர்கள்.

ஏற்கனவே நடத்திக்கொண்டிருப்பவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். வந்து சொன்னால் திருத்தக்கூடியதைத் திருத்தலாம். கானைத் துப்புரவாக வையுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் எதைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கு உடனே சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருங்கள். 100 ஐத் தாண்டினால் மூட்டை முடிச்சைக் கட்டுங்கள். 150 என்றால் அந்த இடத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை நடுச்சாமத்திலும் வரும். நடக்க முடியாதவரை யார் தூக்குவது, எந்த வழியாக எங்கே கொண்டு போவது என்பதை இன்றைக்குப் பகலிலேயே பேசி முடிவெடுத்துவிடுங்கள்.